வீட்டில் என்ன மொழி?

மூன்று வருடங்களுக்கு முன்பு, துர்கா பூஜை விடுமுறை முடிந்த வாரம், கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது.

அதற்கு முன் ஒரு வருடமாகவே என் கணவர் பேச்சின் நடுவே நான்கைந்து விநாடி விழித்துக்கொண்டு நிற்பார். நான் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை என்று சண்டை பிடிப்பேன். ஒரு நாள் பவானிபூரில் பேருந்துக்காக நின்றவர் வலிப்பு வந்து விழுந்தார். ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, வெகு அபூர்வமான வகை, எடுத்துவிட்டால் வலிப்பு நின்றுவிடும் என்றார் டாக்டர். ஆனால் அது பேச்சுக்கான இடத்தை ஒட்டி இருந்தது. அதனால் ஆபரேஷன் நடுவே அவரை விழிக்க வைத்து, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்களாம். எங்கே தொட்டால் பேச்சு நிற்கிறதோ, அந்த இடத்தை விட்டுவிடுவார்களாம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், அந்தப் படங்களோடு வந்த பெண் வீட்டில் என்ன மொழி என்று கேட்டாள்.

"பாங்லாதான் தீதி" என்றேன்.

என் கணவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தஞ்சாவூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நானும் வங்காள மொழியை அடித்துப் பிடித்துக் கற்றுக்கொண்டேன். எங்களை வெளியூர்க்காரர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற வீம்பில் எல்லோரிடமும் இதையே சொல்லிப் பழகிவிட்டேன். கதவைச் சாத்தினால் எங்கள் கொஞ்சலும் சண்டையும் தமிழில்தான் என்பது அப்போது தோன்றவே இல்லை. பக்கத்திலிருந்த அவரும் சிரித்துத் தலையாட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்து, நன்றாக இருக்கிறேன் என்று வங்காளத்தில் சொன்னார். "பயந்தே போயிட்டேன், தெரியுமா?" என்றேன். புரிந்தது அவருக்கு. உதடு அசைந்தது. தமிழ் வரவில்லை.

வீக்கம் வடிந்தால் வரும் என்றார்கள். வடிந்தது, வரவில்லை. சிலருக்கு இரண்டு மொழிகளும் மூளையில் வெவ்வேறு இடத்தில் இருக்குமாம். "சொல்லியிருந்தால் தமிழிலும் சோதித்திருப்போமே" என்றார் டாக்டர், மெதுவாக. என்னால் தலை நிமிர முடியவில்லை.

இப்போது வலிப்பு இல்லை, வேலைக்குப் போகிறார். நான் தமிழில் பேசினால் வங்காளத்தில் பதில் சொல்கிறார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சண்டையில் தோற்கும்போதெல்லாம் "போடி வாயாடி" என்பாரே, அதற்குத்தான் ஏங்குகிறேன். சென்ற மாதம் லேக் கார்டன்ஸில் நடந்துகொண்டிருந்தபோது வேண்டுமென்றே சீண்டினேன். "போ..." வரைக்கும் வந்தது. அப்புறம் சிரித்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது யார் கேட்டாலும் வீட்டில் தமிழ்தான் என்கிறேன். பாதி பொய்யான அந்தப் பதில் முழு உண்மையாகட்டும் என்றுதான் தினமும் அவரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறேன்.