சென்சாருக்கு ஒரு மெத்தை

கல்கத்தாவில் கோடைக்காலத்தில் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெயில் முகத்தில் அடிக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தைத் திறக்க வேண்டிய சுமன்தா பதினோரு மணிக்குத்தான் வருவார். எங்கள் ஊர் சாத்தூரில் சூரியனும் மனிதர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேலைக்குக் கிளம்புவார்கள். இங்கே இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இன்டர்ன்ஷிப்புக்கு வந்த புதிதில் ஒன்பது மணிக்கே போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். கல்லூரியில் தாமதமாக வந்தால் வெளியே நிற்க வைப்பார்கள். சீக்கிரம் வந்ததற்காக நின்றது அதுதான் முதல் தடவை. இப்போது மேற்படிப்புக்காக இதே ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். நானும் பதினோரு மணிக்குத்தான் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தேன். பேராசிரியர் கொடுத்த வேலை எளிதாகத்தான் தெரிந்தது. ஆற்றுக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சியில் ரயில்பாதையை ஒட்டிய தெருவில் ஒரு பழைய வீடு. அதன் பின்சுவரில் விரிசல். கூட்ஸ் வண்டி போகிற அதிர்வில் விட்ட விரிசலா, இல்லை எப்போதோ மூடிய குளத்தின் மேல் கட்டிய வீடு என்பதால் அடிமண் இறங்குகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதிர்வு என்றால் சுவருக்கு இரும்புப் பட்டை போட்டுச் சமாளிக்கலாம். மண் என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். வீட்டில் தனியாக இருந்தவர் ஒரு காக்கிமா. காக்கிமா என்றால் சித்தி. இங்கே முன்பின் தெரியாத பெண்களையும் ஏதாவது ஒரு முறை வைத்துத்தான் அழைக்க வேண்டும். காலி செய்யச் சொன்னால் எங்கே போவீர்கள் என்று சுமன்தா கேட்டார். "கோத்தாய் ஜாபோ?" என்றார் காக்கிமா. எங்கே போவேன் என்று அதே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்.

அதிர்வை அளக்கும் சென்சார் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அதைத் தரையோடு ஒட்டிவிட வேண்டும். காக்கிமா சம்மதிக்கவில்லை. அவருடைய சிவப்பு சிமெண்டுத் தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். அதில் பசையைத் தடவினால் நாங்களும் பெட்டியோடு வெளியே போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் சும்மா வைத்துவிட்டு வந்தோம். பெட்டிக்குள் இருந்த சிம் கார்டு அளவுகளை ஆய்வுக்கூடத்துக்கும் என் போனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் நான் பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டிப் போய், பெட்டி வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து வருவேன். இம்மி பிசகாமல் இருக்கும். ஒரு சனிக்கிழமை காக்கிமாவுக்குச் சாத்தூர் சேவு கொண்டுபோனேன். அதைப் பொரியில் போட்டு, கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்து, இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்று எனக்கே கொடுத்தார்.

ஆனால் கணினியில் கோடு படுத்தே கிடந்தது. கூட்ஸ் போனாலும் சரி, எக்ஸ்பிரஸ் போனாலும் சரி, அசைவே இல்லை. ரயில் காரணமில்லை என்றால் மண்தான் என்று பேராசிரியர் அறிக்கையை எழுத ஆரம்பித்துவிட்டார். வீட்டைக் காலி செய்யுமாறு பரிந்துரை. எஸ் சார் என்றேன். எங்கள் கல்லூரியில் ஒரு சார் கரும்பலகையில் ப்ளஸ் போட வேண்டிய இடத்தில் மைனஸ் போட்டார். வகுப்பு மொத்தமும் மைனஸ் போட்டோம். விடைத்தாளைத் திருத்தியவரும் அவரே என்பதால் எல்லோரும் பாஸ். எஸ் சார் என்று சொல்லிக் கெட்டுப்போனவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

அந்த வாரம் புதன்கிழமை விரிசலைப் படமெடுக்கக் கிளம்பினேன். மழை பிடித்துக்கொண்டது. சொல்லாமல் கொள்ளாமல் நனைந்துபோய் நின்றவளைக் காக்கிமா துண்டு கொடுத்து உட்காரவைத்தார். "கேயே ஜாவ்" என்றார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும். தரையில் உட்கார்ந்து சோற்றில் பருப்பைப் பிசையும்போது கூட்ஸ் வண்டி போனது. என் இடுப்பெலும்பு வரைக்கும் அதிர்ந்தது. இடது கையால் போனைத் திறந்து பார்த்தேன். கோடு படுத்தே கிடந்தது. எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். பெட்டி மடித்த காந்தாவின் மேல் இருந்தது. காந்தா என்றால் பழைய புடவைகளை அடுக்கித் தைத்த மெத்தை. அதற்கும் கீழே ஒரு தலையணை.

"காப்ச்சே தோ, மா," என்றார் காக்கிமா. நடுங்குகிறதே அம்மா. அப்போதுதான் வீட்டைச் சரியாகப் பார்த்தேன். டிவிக்குக் கீழே மடித்த துணி. கண்ணாடி அலமாரியின் கால்களுக்குக் கீழே துணி. லட்சுமி படத்துக்குப் பின்னால்கூடத் துணி. ரயில்பாதை ஓரத்தில் காலமெல்லாம் குடித்தனம் செய்தவர், நடுங்குகிற எதற்கும் செய்வதை இதற்கும் செய்திருக்கிறார். சனிக்கிழமை நான் வருவதற்கு முன் எடுத்துவிடுவாராம். அன்று மட்டும் கோட்டில் வந்த ஆட்டத்தை என் காலடி என்று ஒதுக்கியிருந்தோம். கொடுத்தவர்களிடம் கொடுத்தபடி காட்டுவதுதானே மரியாதை. தன் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அறிக்கையை அவரே மெத்தை போட்டு வளர்த்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேராசிரியரிடம், அறிக்கையை அனுப்ப வேண்டாம், அந்த அளவு எதற்கும் உதவாது என்றேன். அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "சோ, யூ டிஸ்அக்ரீ?" என்றார். "எஸ் சார்," என்றேன். பழக்கதோஷம், ஆனால் இந்த முறை பதில் சரியாக இருந்தது. காரணம் தலையணைதான் என்பதற்கு என்ன ஆதாரம், எவ்வளவு அதிர்வை விழுங்கும், கணக்கு எங்கே என்று டீ ஆறும்வரை விடவில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது. சான்றிதழ் கிடைக்காது என்று முடிவு செய்து, ஊருக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். சுமன்தா எட்டிப் பார்த்து, "எதுக்கு டிக்கெட்? சார் பிடிச்சவங்ககிட்டதான் சண்டை போடுவாரு," என்று இந்தியில் சொன்னார்.

மீண்டும் அளந்தோம். இம்முறை நானே பெட்டிக்குப் பக்கத்தில் காவல் இருந்தேன். ஒவ்வொரு வண்டி போகும்போதும் காக்கிமா பெட்டியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவள் போல உட்கார்ந்திருப்பேன். கோடு எழுந்து ஆடியது. மட்டக்கருவி வைத்தும் பார்த்தார்கள், மண் இறங்கவில்லை. பின்சுவருக்கு இரும்புப் பட்டை போட்டார்கள். வீடு காக்கிமாவிடமே நின்றது. செய்தியைச் சொன்னபோது, இனிமேல் துணியைப் போடலாமா என்றுதான் கேட்டார். முடியாது என்றேன். சுவர் எப்படி இருக்கிறது என்று தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதால் பெட்டி அங்கேயே தங்கிவிட்டது. அதைக் கவனிக்கிற சாக்கில் நானும் இங்கே தங்கிவிட்டேன்.

இந்தப் பெட்டி ரயிலை மட்டும் சொல்வதில்லை. காக்கிமா படுக்கையைவிட்டு எழுந்து குழாயடிக்குப் போவதும் சின்னச் சின்ன முட்களாகக் கோட்டில் விழும். போன விடுமுறையில் சாத்தூரில் கண்விழித்ததும் பாயில் படுத்தபடியே போனைப் பார்த்தேன். முட்கள் வர ஆரம்பித்திருந்தன.

"விடிஞ்சதும் போன்ல என்னத்தடி பாக்குற?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"காக்கிமா எந்திரிச்சுட்டாங்கம்மா."

அம்மா காப்பியை ஆற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் எந்திரிச்சு எம்புட்டு நேரமாச்சுன்னு தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அம்மா காப்பியோடு என் பக்கம் நடந்து வந்தாள். கையில் இருந்த திரையில் காக்கிமா நடந்துகொண்டிருந்தார்.