நடுவில் அம்மா எங்கே போனாள்

நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவன். ஆங்கிலப் பாடத்தோடு எங்களுக்கு ஒரு கதைப்புத்தகமும் உண்டு. அதற்குப் பெயர் நான்-டீட்டெயில். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஆயுசு முழுக்க எழுதிய நாவலை அதில் ஆறேழு பக்கத்தில் முடித்திருப்பார்கள். அதுவே அதிகம் என்று நினைத்த நல்லவர்கள் நோட்ஸ் போட்டு ஒன்றரைப் பக்கமாக்கினார்கள். அதையும் மனப்பாடம் செய்ய முடியாத எங்களைப் பார்த்து மனமிரங்கி, வாத்தியார் நாலு வரி சொல்லிக் கொடுத்தார். உலக இலக்கியத்தோடு எனக்கு ஏற்பட்ட பழக்கம் அந்த நாலு வரிதான்.

அதனால், எங்கள் சேக்காட்டு அடுக்குமாடியின் கார் பார்க்கிங்கில் குழந்தைகள் நூலகம் பற்றிக் கூட்டம் போட்டபோது கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். அசோசியேஷன் கூட்டங்களில் அதுவரை நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: “அது என் வண்டி இல்ல சார்.”

செயலாளர் சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். “சுருக்கின புக்கெல்லாம் ஜங்க் ஃபுட் மாதிரி. பிள்ளைங்களுக்குக் கொடுத்தா ஒரிஜினல்தான் கொடுக்கணும்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரிஜினல் படித்தவர்கள் கை தூக்குங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், தூக்கிய கைகளை எண்ணுவது சுலபமாக இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. நான் சொல்வேனா?

கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் மட்டும் எழுந்தார். இந்த பில்டிங் நிற்கும் இடத்தில் அவர் அப்பா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார். அந்த உரிமையில் எந்தக் கூட்டத்திலும் எழுந்துவிடுவார்.

“இன்னா சார் நீங்க. உங்க கல்யாண வீடியோ நாலு மணி நேரம் கீதே, ஊட்டுக்கு வர்றவங்களுக்கு ஃபுல்லா போட்டா காட்டுறீங்க? ஐலைட்ஸ்தானே போடுறீங்க.”

“அது வேற, இது வேற” என்றார் செயலாளர்.

“இன்னா வேற? ஐலைட்ஸ் புடிச்சிருந்தா ஃபுல்லு பாக்கப் போறான். புடிக்கலைன்னா உன் சோறு துன்னுட்டுப் போறான்.”

இது மினிட்ஸ் நோட்டில் ஏறவில்லை. ஒரிஜினல் செட் ஒன்று வாங்குவது, பல வீடுகளிலிருந்து வந்து சேர்ந்திருந்த, கதையைச் சுருக்கின ஒல்லிப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவது என்று ஏறியது. கூட்டம் கலைந்ததும் அந்தப் புத்தகக் கட்டை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும்.

என் மகள் ஆறாம் வகுப்பு. பாடப் புத்தகத்துக்கு வெளியே எதையும் வாசித்தவள் இல்லை. ஒல்லியாக இருக்கிறது என்ற ஒரே தகுதியைப் பார்த்து ஒன்றை எடுத்தாள். பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம். ஒரு பையன் வீட்டில் சொல்லாமல் கப்பலேறிப் போகிறான். புயல், சண்டை, பசி எல்லாம் முடிந்து ஊர் திரும்புகிறான். ஒரே மூச்சில் முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அப்பா, ரெண்டாவது பக்கத்துல அவங்க அம்மா அழறாங்க. கடைசிப் பக்கத்துல சிரிக்கிறாங்க. நடுவுல எங்க போனாங்க?”

இதே கதை எனக்கும் நான்-டீட்டெயிலில் வந்ததுதான். ஆனால் என் நாலு வரியில் பையனுக்கு அம்மாவே கிடையாது.

“சமையல்கட்டுல இருந்திருப்பா. வேற எங்க போவா?” என்று உள்ளேயிருந்து என் மனைவி பதில் சொன்னாள். மகளுக்கு அது போதவில்லை. தினமும் கேட்டாள். பள்ளிக்கூட வேனில் ஏறும்போதும் கேட்டாள். ஒரு புத்தகத்தைப் பற்றி அவள் இரண்டாவது முறை பேசியது இதுதான் முதல் தடவை. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அந்தக் கதையின் முழுப் புத்தகம் புது செட்டில் இருந்தது. செட், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில், கண்ணாடி அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது. சாவி செயலாளரிடம். இரண்டு முறை அவர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி, மூன்றாம் முறை மணி அடித்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா, ஒரிஜினல்தான் வேணும்னு வர்றாங்க” என்று அலமாரியைத் திறந்தார். புத்தகத்துக்குக் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. “படிச்சிட்டு கவரை இதே மாதிரி மாட்டிக் கொடுத்துடுங்க” என்றார்.

பொடி எழுத்து ஆங்கிலம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பர். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் போல்ட், நட்டுக்குப் போதும். அவள் உச்சரிப்பாள், நான் அகராதியைப் புரட்டுவேன். வேலை விட்டு வந்து உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஐந்தாறு பக்கம் நகரும். கப்பல் எங்களைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவைக் காணோம்.

பாதிப் புத்தகம் தாண்டியிருப்போம், செயலாளர் வந்து நின்றார்.

“சார், ஞாயித்துக்கிழமை லைப்ரரி திறப்பு. பெரிய ஆள் ஒருத்தர் வர்றார். செட்டு நடுவுல ஒண்ணு இல்லாம பல்லு விழுந்த மாதிரி இருக்கு. புக்கைக் கொடுத்துடுங்க.”

“இன்னும் முடியல சார். பாப்பா படிச்சுக்கிட்டிருக்கா.”

“அப்புறம் எடுத்துக்கலாமே?”

“அப்புறம் விட்டுடுவா சார். அந்தப் பையனோட அம்மா என்ன ஆனாங்கன்னு தேடிக்கிட்டிருக்கா.”

“அவ்ளோதானே? நெட்ல தட்டினா சம்மரி வரும் சார். ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.”

முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொன்னார். சுருக்கினதெல்லாம் ஜங்க் ஃபுட் என்று சொன்ன அதே வாய். “இல்ல சார், தர முடியாது” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அது மரியாதையாக இல்லை என்று தோன்ற, திரும்பத் திறந்து, “சாரி சார்” என்று சொல்லி, மறுபடியும் சாத்தினேன்.

திறப்பு விழா அந்தப் பல் இல்லாமலே நடந்தது. நாங்கள் போகவில்லை. அன்று சாயங்காலம் அம்மா வந்துவிட்டாள். ஐந்தாறு பக்கம்தான், ஆனால் அவளுக்கென்று ஒரு முழு அத்தியாயம். அதில் ஒன்றுமே நடக்கவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைகிறாள். பையனின் பழைய சட்டையைத் துவைத்துக் காயப்போடுகிறாள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். வேறு யாரோ போகிறார்கள். திரும்ப உள்ளே போகிறாள். சுருக்கியவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் முதலில் இதைத்தான் வெட்டியிருப்பேன்.

“சமையல்கட்டுலதான் இருந்திருக்காங்க” என்றாள் மகள். பிறகு அத்தியாயத்தின் முதல் பக்கத்துக்குத் திருப்பி, என்னைக் கூப்பிடாமல், தானே மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தாள்.