முனியாண்டியிடம் இருந்த மெடல்: பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஒரு நாள்

ரப்பர் விலை விழுந்த நாளிலிருந்து மலாயாத் தமிழனுக்கு ஒரே ஒரு பயணம்தான் இலவசம். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ஏற்றி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறக்கிவிடும் கப்பல் பயணம். அந்தக் கப்பலில் என் அக்காள் குடும்பம் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் சென்ற மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிள்ளானுக்குப் போனேன். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. இதே காரியமாக இன்னும் பலர் அலைவார்கள் என்று தெரியும். அதனால் நேரத்தையும் செலவையும் சரியாகவே எழுதுகிறேன்.

அக்காள் புருஷன் மாரிமுத்து அத்தான் கோலாலம்பூரில் ஓர் அரசாங்கப் பட்டறையில் கூலி. அங்கே ஆட்குறைப்பு நடக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஆட்களை வரிசையாக நிறுத்திப் பட்டியல் படிப்பார்கள். பெயர் வந்தவன் குடும்பத்தோடு கப்பலுக்குப் போக வேண்டும். அக்காளுடைய மூன்று பிள்ளைகளும் இங்கே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவை. ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவற்றுக்குத் தெரியாது. பட்டறை வாசலில் ஒட்டிய அறிவிப்பில் ஒரு சலுகை இருந்தது: யுத்த சேவைக்கு மெடல் பெற்றவர்களை இப்போது எடுக்கமாட்டோம், அது பதிவில் இருக்க வேண்டும்.

அத்தான் பெரிய யுத்தத்தின்போது கூலிப் படையில் சேர்ந்து மெசப்பொட்டேமியாவில், பஸ்ராவில் இரண்டு வருஷம் மூட்டை சுமந்தவர். அவரை விடுவித்தபோது கொடுத்த காகிதத்தில் மெடல் என்ற கட்டத்துக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. அது அப்போது உண்மை. அவர் கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டப் போன பிறகுதான் மெடல் தபாலில் வந்தது. துரை அதைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் வைத்துக் கையில் கொடுத்தார். கையெழுத்தும் வாங்கவில்லை, காகிதத்தைத் திருத்தவும் இல்லை. காகிதத்தில் அவருடைய படை நம்பர் இருந்த மூலை வேர்வையில் ஊறி அழிந்துவிட்டது.

திங்கட்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த குமாஸ்தா தமிழர்தான். காகிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“நம்பர் இல்லாம எந்தப் புத்தகத்துல தேடறது? மெடல் ஓரத்துல நம்பர் வெட்டியிருக்கும். மெடலக் கொண்டா.”

“நம்பர எழுதிக்கிட்டு வந்தா போதுங்களா?” என்று கேட்டேன்.

“எழுதறதுன்னா நானே எழுதுவேன் பத்து நம்பர். பொய்யா மெடல் கேட்டா ஜெயில், தெரியும்ல? புதன்கிழமைக்குள்ள கொண்டா. அதுக்கு மேல பட்டியல் போயிரும்.”

வெளியே வந்ததும் மெடல் எங்கே என்று அத்தானைக் கேட்டேன். நடந்துகொண்டே இருந்தார். பாலத்தைத் தாண்டிய பிறகுதான் சொன்னார்.

“முனியாண்டிகிட்ட இருக்கு, மச்சான்.”

பஸ்ராவில் காய்ச்சலில் ஆட்கள் வரிசையாகச் செத்தபோது, உயிரோடு திரும்பினால் வெள்ளைக்காரன் என்ன கொடுத்தாலும் உனக்குத்தான் என்று வேண்டிக்கொண்டாராம். மெடல் வந்த வாரமே தோட்டத்து முனியாண்டியின் வேலில் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பது அவருடைய பயம். போதாததற்கு அந்தத் தோட்டத்துக் கங்காணியோடு ஆறு வருஷத்துக்கு முன் சண்டை போட்டு, அவர் சைக்கிளைச் சாக்கடையில் தள்ளிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்தவர் இவர். அங்கே காலை வைத்தால் முதுகுத்தோல் மிஞ்சாது என்பது இன்னொரு பயம்.

எனக்கு முனியாண்டி மேல் நம்பிக்கை கிடையாது. கங்காணி மேல் இருந்தது. அக்காள் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அவரு பயந்தா நீ பயப்படாத. நீ பயந்தா அவருக்குத் தெரியாமப் பயப்படு” என்றாள்.

செவ்வாய் காலை கோலாலம்பூர் ஸ்டேஷனில் ஆறு முப்பத்தைந்து வண்டி. மூன்றாம் வகுப்பு ஆளுக்கு அறுபத்தைந்து காசு. இருபத்திரண்டு மைல்தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. வலதுபக்கம் உட்காருங்கள், வெயில் படாது. பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் இரண்டு பக்கமும் பால்மரம். பாதித் தோட்டங்களில் பட்டையில் பால் கோடு வெட்டாமல் விட்டிருந்தார்கள், மரத்தடியில் இடுப்பளவு புல். வேலை இருந்தபோது ஆளில்லை ஆளில்லை என்று கப்பல் கப்பலாக ஏற்றி வந்தார்கள். இப்போது அதே கப்பலைத் திருப்பி விடுகிறார்கள். இதைச் சொன்னபோது எதிரில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரயிலில் இப்படிப் பேசாதீர்கள், யார் யாரிடம் போய்ச் சொல்வான் என்று தெரியாது.

ஏழு ஐம்பதுக்குக் கிள்ளான். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு மலாய்க்காரரின் மோட்டார் பஸ் நின்றது. ஐந்தாவது மைல்கல்லான ஐந்தாங்கட்டைக்கு ஆளுக்குப் பதினைந்து காசு, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். அரைமணி நேரம் காத்திருந்தோம். அங்கிருந்து செம்மண் ரோட்டில் இரண்டு மைல் நடை. தோட்டத்து வாசலில் காவலுக்கு ஒரு ஜாகா இருந்தார், பஞ்சாபிக்காரர். கோவில் என்று மட்டும் சொன்னேன். என் கையில் இருந்த தேங்காயைப் பார்த்து விட்டுவிட்டார். தேங்காய் எட்டு காசு, அனுமதிச் சீட்டைவிட மலிவு.

முனியாண்டி கோவில் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், ரப்பர் பால் உறையவைக்கும் கொட்டகைக்குப் போகிற வழியில் இருக்கிறது. தகரக் கூரை, நான்கு கம்பம், ஆள் உயரத்துக்கு ஒரு வேல். பூசாரி வேலப்பனும் மரம் வெட்டுகிறவர்தான். பால் வாளியோடு வந்தவர் அத்தானைப் பார்த்து வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

“அட, சைக்கிள் மாரியா. உயிரோடதான் இருக்கியா?”

“அடுத்த வாரம் வரைக்கும்ண்ணே” என்றார் அத்தான்.

விஷயத்தைச் சொன்னோம். மெடல் வேலின் கழுத்தில் தொங்கியது. பத்து வருஷத்து எண்ணெயும் திருநீறும் ஏறிக் கருத்துப்போயிருந்தது. ஓரத்தில் ஓர் எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. வேலப்பன் அவசரப்படவில்லை. வாழை இலைத் துண்டில் சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம் கட்டினார். வெள்ளை வந்தால் எடுத்துக்கொள்ளலாம், சிவப்பு வந்தால் கூடாது. நம்பிக்கை இல்லாதவன் எடுத்தால்தான் சரியாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். இடதுபக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன். சிவப்பு.

அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டார். “சொல்லிட்டாருல்ல. வா மச்சான், போவோம்.”

“எங்க போறது? கப்பலுக்கா?” நான் கத்திவிட்டேன். “பூ சொல்லுச்சின்னு அக்காகிட்ட நீங்க போயி சொல்லுங்க.”

“எடுக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு” என்றார் வேலப்பன். “தொடக் கூடாதுன்னு சொல்லலியே. வாராவாரம் நான்தானே தொடைக்கிறேன். உங்களுக்கு வேண்டியது மெடலா, ஓரத்துல இருக்கற எழுத்தா?”

“எழுத எங்களுக்கும் தெரியும்ண்ணே. குமாஸ்தா ஒத்துக்க மாட்டாரு.”

“எழுத வேணாம். பாலுல எடுத்துருவோம்.”

தோட்டத்தில் இது புதிதில்லை. கைக்காயத்தின் மேல் காய்ந்த பாலை உரித்தால் ரேகை உட்பட எல்லாம் அதில் வந்துவிடும். வேலப்பன் எலுமிச்சையும் சாம்பலும் போட்டு மெடலின் ஓரத்தை மட்டும் தேய்த்தார். வேலிலிருந்து கழற்றவில்லை. கோழி இறகால் பாலைத் தொட்டு ஓரம் முழுக்கத் தடவினார். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. ஒவ்வொரு பூச்சுக்கும் பத்து, பதினைந்து நிமிஷம் ஆனது.

ஐந்தாவது பூச்சின்போது சைக்கிள் மணி கேட்டது. கங்காணி. அத்தான் வேலுக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்து முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டார். நான் தேங்காயைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

“யாரு வேலப்பா இவனுங்க?” கங்காணி ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

“வெளியூரு ஆளுங்க. நேத்திக்கடன்.”

“ஏன் இவன் எந்திரிக்கவே மாட்டேங்குறான்?”

“செஞ்சது அவ்வளவு இருக்கும்போல.”

கங்காணி சிரித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் விரல்களில் அச்சு மை இருந்தது, முஷ்டியை மூடிக்கொண்டேன். கூலிகளைக் கிளப்பிவிடும் நோட்டீஸ் ஒட்ட வந்த ஆள் என்று நினைத்தால் போதும், இரவு கிள்ளான் லாக்கப்பில்தான். “கும்பிட்டுட்டுச் சீக்கிரம் கெளம்பச் சொல்லு. பன்னெண்டு மணிக்குத் துரை இந்தப் பக்கம் வருவாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். மணிச் சத்தம் முழுக்க அடங்கின பிறகும் அத்தான் எழவில்லை. தூக்கிவிட்டோம். நெற்றித் தோல் உரிந்திருந்தது.

பதினொன்றே காலுக்கு வேலப்பன் நகத்தால் கிளப்பி உரித்தார். இரண்டு விரல்கடை நீளத்தில் நாலைந்து துண்டாக வரும் என்று பயந்தேன். ஒரே பட்டையாக வந்தது. அதில் எழுத்துகள் மேடாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றன. அவர்கள் இருவருக்கும் புழு மாதிரி தெரிந்திருக்கும். நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவன், நாள் முழுக்கத் திரும்பிய எழுத்தைத்தான் படிக்கிறேன். நம்பர், பெயர், கூலிப் படை. நான் படிக்கப் படிக்க அத்தான் வாயசைத்துக்கொண்டே வந்தார். பஸ்ராவில் தினமும் கூப்பிட்ட நம்பர் அதுதான் என்றார், கேட்டதும் ஞாபகம் வந்துவிட்டதாம்.

இரண்டு மணி வண்டியில் திரும்பினோம். அன்று மாலை அச்சகத்தில் பட்டைக்கு மை தடவிக் காகிதத்தில் உருட்டினேன். ஒரு வரி நேராக விழுந்தது.

புதன் காலை குமாஸ்தா பட்டையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சி எடுத்துக்கிட்டு வந்திருக்கியா? சர்க்கார் நம்பர்ல? இரு, போலீசக் கூப்பிடறேன்.”

ஓடிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அத்தான் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார். பிடித்தது என்னை நிறுத்தவா, தான் விழாமல் இருக்கவா என்று தெரியாது. சத்தம் கேட்டு உள்ளே இருந்த வெள்ளைக்கார அதிகாரி வெளியே வந்தார். பட்டையைக் கேட்டு வாங்கினார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னேன், முனியாண்டி உட்பட. அவர் தன் மேசையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து தன்னுடைய மெடலை எடுத்தார். அவரும் மெசப்பொட்டேமியாவில் இருந்தவராம். பட்டையை அதன் ஓரத்தில் சுற்றினார். நூல் பிசகாமல் பொருந்தியது. எழுத்து வெட்டும் அதே வெட்டு.

அவருடையது வெள்ளி. அத்தானுடையது வெண்கலம். கூலிப் படைக்கு வெண்கலம்தான் என்று குமாஸ்தாவே பிறகு சொன்னார். ஒரே யுத்தம், ஒரே அளவு. அதற்குமேல் எழுதினால் இந்தப் பத்திரிகையை மூடிவிடுவார்கள்.

அதிகாரி நம்பரைக் குறித்துக்கொண்டு, படைப் பதிவேடு இருக்கும் இந்தியாவுக்கு எழுதிப் பதில் வரும்வரை பட்டியலில் பெயரை நிறுத்திவைக்கச் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை. இரண்டு மாதம் ஆகலாம். பதிவில் இன்றுவரை ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: அலுவலகம் சொல்கிற கெடுவுக்கு முன்னால் போங்கள். சம்பள நாளில் தோட்டத்துக்குப் போகாதீர்கள், கங்காணி அங்கேயே உட்கார்ந்திருப்பார். பால் காலையில் இறக்கியதாக இருக்க வேண்டும், உறையவைக்கத் திராவகம் கலந்தது ஆகாது. எட்டுப் பூச்சுக்குக் குறைத்தால் கிழியும். மை தடவுவதற்கு முன் ஒரு தடவை நன்றாகக் கழுவுங்கள். அசல் காகிதத்தை அலுவலகத்தில் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். எங்களுக்கு ரயில், பஸ், தேங்காய் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு மூன்று வெள்ளி இருபத்தெட்டு காசு ஆயிற்று. மெடல் இல்லாதவன் என்ன செய்வான்? மூட்டை சுமந்தவன், மரம் வெட்டினவன், ரோடு போட்டவன் எல்லோருக்கும் யாரும் மெடல் குத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பட்டறை வேலிக்கு வெளியே நின்றேன். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மேஸ்திரி பட்டியலை நிதானமாகப் படித்தார். அத்தானுக்குப் பக்கத்தில் நின்ற வீராசாமியின் பெயர் வந்தது, ஐந்து வருஷமாக ஒரே பட்டறையில் கூட நின்றவர். பட்டியல் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு வீராசாமியின் குரல் எனக்குக் கேட்டது.

“ஏன் மாரி, உன் பேரு வரலியே?”

அத்தான் கைகளைத் தொடையோடு ஒட்டி, அசையாமல் நின்றார்.

“இன்னும் படிச்சி முடிக்கல” என்றார்.

மேஸ்திரி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய் வெகுநேரம் ஆகியிருந்தது.