நடு ஊரில் ஐந்து மணி நேரம்

"இறங்குறது ஒம்பது மணி. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு..." என்று அக்கா விரல் மடக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு விமானம் இறங்கி அடுத்தது கிளம்பும்வரை எவ்வளவு நேரம் என்பதைக் கணினித் திரை கொட்டை எழுத்தில் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதை அவர் நம்புவதில்லை. ஐந்து விரலும் மடங்கிக் கை முழுசாக மூடினால்தான் டிக்கெட். ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும், "வேற பார்க்கலாம்" என்று அடுத்த விமானத்துக்குப் போய்விடுவார்.

அவருடையது ஓர் அறை டிராவல்ஸ் அலுவலகம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, கண்ணாடிக் கதவில் பாதி உரிந்த விமானப் படம். பக்கத்து அறை என் போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் படம் எடுப்பது என் பிழைப்பு. "சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் நான். நடுவில் வெறும் பலகைத் தடுப்பு என்பதால் அவர் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். பதினோரு வருஷம் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு நாள் லீவு போட்டால் நானே நாலு பேரை விமானம் ஏற்றிவிடுவேன்.

உள்ளே வருகிறவரிடம் எந்த ஊருக்கு என்று அவர் முதலில் கேட்பதில்லை. "போயிட்டு வர்றவங்களா, போய் இருக்கப் போறவங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. போய்விட்டு வருகிறவர் என்றால் ஒன்றரை மணி நேர இடைவெளிகூடப் போதும், மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுப்பார். குடியேறப் போகிறவர் என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார். "அவங்களுக்கு ஒரு முத்திரை குத்தி அனுப்பிடுவான். உங்களுக்கு அப்படி இல்ல. உங்களுக்கு ஒரு ரூம் இருக்கு."

போய்ச் சேர வேண்டிய ஊர் எதுவானாலும், விமானம் அந்த நாட்டைத் தொடுகிற முதல் ஊரிலேயே குடியேற்றச் சோதனையை முடித்தாக வேண்டும். அந்த ஊருக்கு அக்கா வைத்திருக்கும் பெயர் 'நடு ஊர்'. நடு ஊரில் என்ன நடக்கும் என்பதை மேசைமேல் வைத்தே காட்டுவார். ஸ்டேப்ளர் விமானம். பின் டப்பா வரிசை. பசை பாட்டில் அதிகாரி. "விமானமே அரை மணி லேட்டா வரும். புள்ளைய எழுப்பி, செருப்பைத் தேடி, இறங்க அரை மணி. இந்த வரிசையில ஒரு மணி நேரம். இவர் உங்க காகிதத்தைப் பார்த்துட்டு, 'அந்த ரூம்ல உக்காருங்க'ம்பார். பயந்துடாதீங்க, தப்பு பண்ணினவங்களுக்கு மட்டுமில்ல, குடியேற வர்ற எல்லாருக்கும் அதே ரூம்தான். உள்ள உங்களுக்கு முன்னால நாப்பது பேர் இருப்பாங்க. அவசரம்னு அங்க யார்கிட்ட சொல்லுவீங்க?" அப்புறம் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி பெட்டியைப் போட்டு, மறுபடி பெல்ட்டைக் கழற்றி, அடுத்த விமானத்தின் வாசலுக்கு ஓட வேண்டும். அதற்குள் மேசையில் இருந்த பென்சில், ரப்பர் எல்லாம் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் குடிபெயர்ந்திருக்கும்.

காகிதத்தைப் பெரிய பெட்டியில் போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பத்திரமாக இருக்கட்டும் என்று புதுப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டி, அந்தப் பெட்டியை விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பிவிட்டு, அதிகாரியின் முன்னால் வெறுங்கையோடு நின்ற ஒரு புண்ணியவான் உண்டாம். "பூட்டினது நல்லா பூட்டினார். சாவி கையில இருந்துச்சு, பெட்டிதான் இல்ல."

இவ்வளவு சொல்கிறவர் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் போனவர்கள் சொன்னது. போய்ச் சேர்ந்து போன் செய்கிறவர்களிடம் ஊர் எப்படி, வீடு எப்படி என்று கேட்க மாட்டார். "ரூம்ல எவ்வளவு நேரம் ஆச்சு?" என்பார். பதிலைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, அந்தந்த ஊர் வாரியாகக் கிளிப் போட்டு வைத்திருக்கிறார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருமுறை வாயைப் பிடுங்கினேன். கடை திறந்த புதிதில், ஒரு தச்சர் குடும்பத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேர இடைவெளியில் போட்டுவிட்டாராம். ரூமிலிருந்து அவர்கள் வெளியே வந்தபோது அடுத்த விமானம் போய்விட்டிருந்தது. மறு விமானத்துக்கு மறுநாள்தான் இடம் கிடைத்தது. "அந்தம்மா போன் பண்ணி, 'இப்ப நாங்க எங்க போகணும்'னு கேட்டாங்க. கோவமே படல. அதுதான் தாங்கல. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல தம்பி." அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் கேலி செய்ததில்லை.

போன மாதம் தெருக்கோடி மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் தன் மகளோடு வந்தாள். புருஷன் அந்த நாட்டில் லாரி ஓட்டுகிறான். அவன் போனபோது குழந்தைக்கு ஒரு வயது, இப்போது நாலரை. அப்பா என்றால் அதற்குத் தெரிந்தது உள்ளங்கை அளவு முகம்தான். படம் எடுக்க என் ஸ்டூலில் ஏற்றியபோது, "இதை போன் அப்பாவுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டது.

காகிதம் எல்லாம் வந்துவிட்டது, டிக்கெட்தான் பாக்கி. அங்கேதான் முட்டிக்கொண்டது. போனில் அவன் குரல் தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"அக்கா, பதினொரு மணி விமானத்தையே போடுங்க. பன்னெண்டரைக்கு இங்க வந்துருவாங்க. ரெண்டு மணிக்கு நான் லோடு எடுத்துக்கிட்டுக் கிளம்பணும். அதுக்குள்ள வீட்ல கொண்டுபோய் விட்ருவேன்."

"ஒம்பதுக்கு இறங்கி பதினொண்ணுக்கா? ரெண்டே விரல். என் கையால போட மாட்டேன் தம்பி. மூணு மணி விமானம் இருக்கு."

"அதுல வந்தா நான் ரோட்ல இருப்பேன். வீடு திரும்ப மூணு நாளாகும். இத்தனை வருஷம் கழிச்சு வர்றாங்க. எம் புள்ளைய வேற யாரோ வந்து கூட்டிட்டுப் போகணுமா?"

"அவர் சொல்றதையே போட்டுடுங்களேன்க்கா" என்றாள் அவளும்.

"போடுறேன்மா. போட்டு, அந்த விமானம் போயிருச்சுன்னா? அவர் லாரியில, நீ நடு ஊர்ல. அங்க வந்து யாருமே நிக்க மாட்டாங்க."

ரெண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. அவள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். பேனா மூடியைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அக்கா கேட்டார்: "தம்பி, உங்க லாரி நடு ஊர்ப் பக்கம் போகுமா?"

"போகும். ஒரு முழு நாள் ஓட்டம்."

"போனதும் உடனே திரும்பணுமா?"

"விட மாட்டாங்க. பத்து மணி நேரம் கட்டாய ஓய்வு. சட்டம்."

"அப்ப அந்த ஓய்வை அங்க எடுங்க. இவங்க பெட்டியை எடுத்துக்கிட்டு வெளிய வந்துதான் திரும்பப் போடணும். வெளியன்னா தெருப் பக்கம். அங்க யார் வேணா நிக்கலாம். நீங்க நிக்கக் கூடாதா?"

மெதுவாக, "இது எனக்குத் தோணலியேக்கா" என்றான்.

கூட ஓட்டுகிற ஒருவரிடம் கெஞ்சி நடு ஊர் லோடை வாங்கிக்கொண்டான். கம்பெனி லாரியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது. ஆகவே அவர்கள் மூன்று மணி விமானத்தில் போவது, அவன் ஊரில் பக்கத்து வீட்டம்மா வந்து கூட்டிப்போவது, இவன் மறுநாள் வீடு சேர்வது என்று முடிவாயிற்று. அவனுடைய ஓய்வு பன்னிரண்டரைக்கு முடிகிறது. பன்னிரண்டு மணிக்கு அவன் விமான நிலையத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஒன்பதுக்கு இறங்குகிறவர்கள் அதற்குள் ரூமிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும்.

அந்த நாள் வந்தது. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. விமானம் சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டது என்று திரை சொன்னது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ரூமுக்குள் போனைத் தொட விட மாட்டார்கள். மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. அக்கா எழுந்து கதவுவரை போவார், வருவார், உட்காருவார். "நான்தான் கெடுத்துட்டேனோ? பதினொரு மணி விமானத்தையே போட்டிருக்கலாமோ?" என்று என்னையே கேட்டார். பதறாத காரியம் சிதறாது என்று எடுத்துவிட்டேன். ஒரு முறை முறைத்தார். நானும் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பதினோரு மணி விமானம் அங்கிருந்து கிளம்பியே போய்விட்டது. ஐந்து மணி எட்டு நிமிஷத்துக்குப் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அவன்தான். சவரம் செய்து, கசங்காத சட்டை போட்டிருந்தான்.

"இன்னும் வரலக்கா. இங்கதான் நிக்கிறேன். இதோ இந்தக் கதவுதான், பாருங்க. யார் யாரோ வர்றாங்க. இன்னும் இருபது நிமிஷந்தான் நான்..."

பேச்சு அறுந்தது. திரையில் அவன் முகம் போய்க் கூரை தெரிந்தது, பிறகு தரை, ஒரு பெட்டியின் சக்கரம், இரண்டு சின்னச் செருப்பு. போனைக் கையில் பிடித்திருப்பதையே அவன் மறந்துவிட்டான்.

சின்னச் செருப்புகள் அசையாமல் நின்றன. அப்புறம் குழந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, அப்பா இவ்ளோ உயரமா?"

அவன் முழங்கால் தரையில் படுவது தெரிந்தது. நான் இன்னும் பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டினேன். அக்கா அழைப்பைத் துண்டிக்கவில்லை. போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் இடது கையை வைத்துக்கொண்டார்.

வாசலில் ஒருவர் கண்ணாடிக் கதவைத் தள்ளி, உள்ளே வரலாமா என்றார். அக்கா வலது கையால் நாற்காலியைக் காட்டினார். இடது கையை எடுக்கவில்லை.