கொடியில் ஒரு ஏரி

பெண்ணால் முடியாது என்றார்கள். ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்காட்டி வேலை வாங்கினாள். உட்காரவே கூடாது என்றிருந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லோருக்குமாகச் சண்டை போட்டு ஆறு முக்காலிகளை வரவழைத்தாள். முதுகுவலியோடு மகளை நர்ஸ் படிப்பு முடிக்க வைத்தாள். கடைசியாக, மலைப் பயணம் போகப் பதினோரு பேருக்கு ஒரே நேரத்தில் மூன்று நாள் விடுப்பும் மருத்துவமனை வேனும் தர மேலாளரைச் சம்மதிக்க வைத்தாள். அதே கூடத்தில் கிழிசல் தைக்கும் அக்கா, தங்கையின் வெற்றிகளை இந்த வரிசையில்தான் சொல்வாள். ஒன்று விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்குவாள்.

தங்கை அதைக் காதில் வாங்கமாட்டாள். வாயில் இரண்டு கிளிப்புகளைக் கடித்தபடி, கூடத்தின் பின்னறையில் கட்டிய மூன்று கொடிகளுக்கு முன் நிற்பாள். மேல் கொடி மலை ஏறும் நாள். நடுக்கொடி ஏரி. கீழே திரும்பும் நாள். ஒரு கிளிப்பு ஒரு ஆள். சிவப்பு என்றால் வளைவுகளில் வாந்தி எடுப்பவர், மஞ்சள் என்றால் படி ஏறாத முழங்கால். கைக்குட்டை தொங்கினால் சாப்பாடு, காலுறை தொங்கினால் நடை. எழுதத் தெரியாதவள் போட்ட பயணத் திட்டம் அது. கூடத்தில் அவள் பெயரே கிளிப்பக்காதான்.

"என்னை ஏன் சிவப்புல மாட்டின?" என்று துணி மடிப்பவள் சண்டைக்கு வந்தாள்.

"லிஃப்ட்ல நாலு மாடி ஏறினாலே உனக்குக் குமட்டுது. முன் சீட்டு, கையில கவர். பேச்சே கிடையாது."

"ஏரிக்கு ஏன் காலைல ஆறு மணிக்கே?" மெஷின்காரர் கொட்டாவி விட்டார்.

"பனி விலகறப்ப நாம படகுல தண்ணிக்கு நடுவுல இருக்கணும்."

"நீ போயிருக்கியா?"

"போனதில்ல. அதனாலதான் ஒழுங்கா போகணும்."

ஆம்புலன்ஸ் ஓட்டுநர், நோயாளியைப் பார்க்க வந்தவர், பேருந்து நடத்துநர் என்று யார் மாட்டினாலும் விசாரிப்பாள். மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னால்தான் கிளிப்பு ஏறும்.

ஒருநாள் அக்கா கையைத் துடைத்த துண்டை உலர்த்த, கீழ்க்கொடியிலிருந்து இரண்டு கிளிப்புகளை எடுத்துவிட்டாள். தங்கை வந்து எண்ணிப் பார்த்தாள். "அடிப்பாவி அக்கா! மெஷின்காரரையும் அவர் பொண்டாட்டியையும் ஏரியில விட்டுட்டு வந்துட்டியே!" அன்று முழுக்கக் கூடமே சிரித்தது. மெஷின்காரர் மட்டும், "அவளை விட்டுட்டாலும் பரவாயில்ல, என்னை ஏத்திக்க" என்றார்.

பிறகுதான் அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. குழுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். கைரேகை செல்லாது. "உங்க அக்காவைப் போடச் சொல்லும்மா, அவங்கதானே எப்பவும் போடறது?" என்றார் எழுத்தர். உண்மைதான். வீட்டில் ஒருத்தியைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. மூத்தவள் எட்டாவது வரை போனாள். இளையவள் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து தங்கையின் எல்லாக் காகிதத்திலும் அக்காதான் பேனா பிடித்தாள்.

"அக்கா போட்டா அக்காதான் பொறுப்பாளர்" என்று கொடியைப் பார்த்தபடி தங்கை சொன்னாள். பிறகு எழுத்தரிடம் போய், "ஒரு வாரம் டைம் குடுங்க சார்" என்றாள்.

அன்று சாயங்காலம் அக்காவின் தையல் மேசைக்கு வந்தாள். "என் பேரை மட்டும் எழுதிக் காட்டு. பாடமெல்லாம் வேணாம்." அக்கா ஒரு வெள்ளைத் துணித்துண்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். தங்கை அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். இஸ்திரி அறையின் கண்ணாடிக் கதவில் எப்போதும் ஆவி படிந்திருக்கும். அதில் விரலால் எழுதினாள், உள்ளங்கையால் அழித்தாள். ஆவி மறுபடி படிந்தது, மறுபடி எழுதினாள்.

"முதல் எழுத்து கொக்கி மாதிரி. ரெண்டாவதுக்கு வயித்துல சுழி. கடைசிக்குத் தலையில புள்ளி. புள்ளிதான் சுகமா இருக்கு!"

"புள்ளியை மட்டும் வெச்சா யாரும் வேன் தரமாட்டாங்கடி."

ஏழாம் நாள் இருவரும் அலுவலகம் போனார்கள். விரலுக்குப் பழகியது பேனாவுக்கு வருமா என்ற பயம் அக்காவுக்குத்தான். எழுத்தர் பேனாவை நீட்டினார். பழக்கதோஷம், அக்காவின் கை முன்னால் போனது.

"தள்ளிக்க அக்கா, வெளிச்சம் மறைக்குது."

படுக்கைவிரிப்பின் சுருக்கத்தை நீவுவதுபோல இடது கையால் காகிதத்தை நீவினாள். நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்க, கொக்கியை இழுத்தாள், சுழியைச் சுற்றினாள். எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறின. கடைசிப் புள்ளியை வைத்த அழுத்தத்தில் மேசை அதிர்ந்தது.

எழுத்தர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி அவள் பக்கம் தள்ளினார். "தேதி போடணும்மா."

எண்களை அவள் பழகியிருக்கவில்லை. பேனாவை அக்காவிடம் நீட்டி, முதலாளி குரலில் சொன்னாள்: "தேதியை நீ போடு."

தங்கையின் பெயருக்குக் கீழே அக்கா எழுதினாள்: 12.6.2019.