கூரைமேல் சுற்றிய விளக்கு

உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது விளக்கே அல்ல. தலைக்கு மேல் ஓயாத ஒரு முனகல். பழைய ஆம்புலன்ஸின் கூரையில், நீலக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போலிருந்த அந்த விளக்கின் மோட்டார் சத்தத்தைக் கேட்டபடிதான் என் இளமை போயிற்று. பின்பக்கம் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிஜனைப் பார்த்துக்கொண்டு நான். முன்பக்கம் டிரைவர் அண்ணன். இன்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து அவரையே ஊருக்குக் கொண்டுபோகிறோம். தலைக்கு மேல் சத்தமே இல்லை.

வெளியே நின்று பார்த்தால் அந்தப் பழைய விளக்கு மின்னி மின்னி அணையும். உண்மையில் உள்ளிருந்த பல்பு அணைவதே இல்லை. அது அசையாமல் எரிய, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பாதிக் கிண்ணம் போன்ற ஒரு கண்ணாடி அதைச் சுற்றிச் சுற்றி வரும். ஒரு சின்ன மோட்டார், கண்ணாடியை இழுத்துச் சுற்ற ஒரு ரப்பர் பெல்ட், அவ்வளவுதான். கண்ணாடி நம் பக்கம் திரும்பினால் முகத்தில் வெளிச்சம். முதுகைக் காட்டினால் இருட்டு. "அது அணையல தம்பி, அங்கிட்டுத் திரும்பியிருக்கு," என்பார் அண்ணன். "எம் பொண்டாட்டி கோவம் மாதிரி. சுத்தி வந்துரும்."

வழியில் உயிர் பிரிந்துவிட்டால் அவர் கை தானாக சுவிட்சுக்குப் போகும். விளக்கையும் சைரனையும் நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டுவார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அது தெரியும். சுற்றினால் உயிர்; சுற்றாவிட்டால் பிணம்.

ஒரு திருவிழா நாள் சாயங்காலம், குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து மதினியை, அதாவது அண்ணனின் மனைவியை, மூச்சுத் திணறலோடு ஏற்றிக்கொண்டு வந்தோம். நார்த்தாமலை அருகே ரோடு முழுக்கப் பூத்தட்டு ஊர்வலம். கொட்டுமேளமும் ஒலிபெருக்கியும் எங்கள் சைரனை விழுங்கிவிட்டன. அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் முனகல் நின்றது. பெல்ட் அறுந்துவிட்டது. பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. கண்ணாடி பின்பக்கம் பார்த்து நின்றுவிட்டது. எதிரே இருந்தவர்களுக்கு எங்கள் கூரை இருட்டு.

மஞ்சள் துண்டு கட்டிய ஒருவர் குறுக்கே கயிற்றை இழுத்துப் பிடித்தார். "பொணத்துக்கு என்னய்யா அவசரம்? ஆத்தாளுக்குப் பூ போயிக்கிட்டு இருக்குல்ல, நில்லுங்க."

அண்ணன் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்தினார். "உசுரு இருக்குய்யா! எம் பொண்டாட்டிய்யா!"

கயிறு கீழே விழுந்தது. ஆனால் முன்னால் நிற்கும் அத்தனை கூட்டத்துக்கும் யார் போய்ச் சொல்வது? மாஸ்க்குக்கு மேலே மதினியின் கண்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தன.

"தம்பி, மேல ஏறு. மூடியக் கழட்டிக் கையால சுத்து!"

மதினி என் விரலை விடவில்லை. பிரித்து, கூட ஏறி வந்திருந்த அவர் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்க ஏணி வழியே ஏறினேன். மூடியைக் கழற்றிக் கண்ணாடியை விரலால் தள்ளித் தள்ளிச் சுற்றினேன். பல்பின் சூடு தோலை உரித்தது. வண்டி ஊர்ந்தது. "மேல ஒருத்தன் மாவாட்டுறான் பாருடா!" என்று எவனோ சிரித்தான். பக்கத்திலிருந்த கிழவி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சுத்துதுல்ல, கண்ணு அவிஞ்சா போச்சு? உசுரு இருக்குடா, வழிய விடுங்கடா!" பூத்தட்டுகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. அந்தச் சந்துக்குள் அண்ணன் வண்டியை விட்டார்.

மதினி பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டதெல்லாம் 'மாவாட்டி' என்றுதான்.

இப்போதைய வண்டியில் மோட்டார் இல்லை, கண்ணாடி இல்லை, எதுவும் எதையும் சுற்றுவதில்லை. எல்.இ.டி. நிஜமாகவே அணைந்து அணைந்து எரிகிறது. அதையும் இந்தப் புது டிரைவர் பையன் முறைப்படி நிறுத்திவிட்டான். நார்த்தாமலை தாண்டுகிறோம். ரோடு காலி. அண்ணனின் காலடியில் உட்கார்ந்திருந்த மதினி நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"தம்பி, லைட்டு ஓடுதா?"

"ஓடுது மதினி."

"சத்தத்தக் காணோமே."

"இப்ப வர்ற லைட்டுக்குச் சத்தம் கெடையாது மதினி."

நம்பினாரோ என்னவோ, கூரையிலிருந்து பார்வையை இறக்கி என் மடியில் வைத்தார். அங்கே என் விரல் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கை வலித்தது. மதினி பார்த்துக்கொண்டே இருந்ததால், ஊர் வரும்வரை நிறுத்தவில்லை.