பேஸ் கிட்டார்காரனைக் கழற்றிவிட நினைப்பவர்களுக்கு

பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாராவது வந்து நின்றால் முதலில் திட்டித்தான் அனுப்புவேன். உலகத்தில் இத்தனை வாத்தியம் இருக்க, ஒருத்தன் காதிலும் தனியாக விழாத இந்த வாத்தியம்தானா உனக்குக் கிடைத்தது? கச்சேரி முடிந்ததும் பாடகரிடம் கை குலுக்குவார்கள், ட்ரம்ஸ்காரரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உன்னிடம் வந்து, "ண்ணா, பாத்ரூம் எங்க கீது?" என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டிருக்கிறார்கள், கழுத்தில் கிட்டார் தொங்கிக்கொண்டிருக்கும்போதே. இதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் உட்கார், தெரிந்ததைச் சொல்கிறேன் என்பேன்.

முதலில் தந்தி. ராயபுரத்தில் கடல் காற்று, எண்ணூர் பக்கம் போனால் சாம்பல் தூசி. இரண்டுக்கும் நடுவில் திருவொற்றியூரில் எனக்கு ஃபிட்டர் வேலை, கை முழுக்க எண்ணெய். புதுத் தந்தி மாட்டினால் நாலு கச்சேரி தாங்காது, துரு ஏறிச் செத்துப்போகும். அதைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் அழுக்கு கழன்று சத்தம் திரும்ப வரும். உடனே துடைத்து வெயிலில் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். "சோறு பொங்கற குண்டான்ல கம்பிய வேவ வைக்கற ஆம்பளைய எங்கனா பாத்துகீறியா?" என்று என் மனைவி பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இந்த வேலைக்கென்று தனிக் குண்டான் ஒன்று வாங்கி வைத்துக்கொள்.

அடுத்தது பெட்டி. பேஸ் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்க ஆள் வர மாட்டான், ஆட்டோவில் நுழையாது. நாங்கள் மீன்பாடி வண்டியில்தான் ஏற்றுவோம். காலையில் மீன் ஏற்றிய வண்டி, சாயங்காலம் நம் பெட்டி. அடியில் தார்ப்பாய் விரிக்காமல் ஏற்றினால் பெட்டியின் துணியில் கவிச்சி ஏறிவிடும், கல்யாண வீட்டில் பெண் வீட்டார் மூக்கைப் பொத்துவார்கள். இன்னொன்று, மேடைக்குக் கரண்ட் தெருக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வந்திருக்கும். தந்தியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று இழுக்கும். அது கோயில் மேடையாகவே இருந்தாலும் ரப்பர் செருப்பைக் கழற்றாதே. பக்திக்கு வேறு நேரம் இருக்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயம். கூட வாசிக்கிறவர்களைப் பற்றித்தான் உண்மையாகச் சொல்ல வேண்டும், அதிலும் கீபோர்டு வாசிக்கிறவரைப் பற்றி. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும்.

எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்தியவர் கீபோர்டுகாரர்தான். மாஸ்டர் என்போம். கல்மண்டபத்தில் வீடு, மாடியில் ஒத்திகை. குழு ஆரம்பித்த நாளிலிருந்து நான் அவரோடு இருந்தேன். நல்ல விரல், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு எல்லா ஸ்கேலிலும் வாசிக்க வராது. தெரிந்த ரெண்டு மூன்று ஸ்கேலில்தான் விரல் ஓடும். பாடுகிறவர் சுருதியை ஏற்றச் சொன்னாலோ இறக்கச் சொன்னாலோ கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிக்கொள்வார். வாத்தியமே மொத்தமாக ஏறும், இறங்கும், விரல் பழைய இடத்திலேயே ஓடும். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் பாதிப் பேர் இப்படித்தான் பிழைத்தார்கள், அதில் தப்பில்லை. பாட்டு முடிந்ததும் பட்டனைப் பழையபடி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மாஸ்டர் மறப்பார். அடிக்கடி மறப்பார்.

நான் மேடையில் எப்போதும் அவருக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால், பட்டன் எத்தனை படி ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்கிற எண் கீபோர்டின் சின்னத் திரையில் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடுகிறவருக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பது எங்கள் குழுவில் என் வேலை, ஒரு தந்தியைத் தட்டினால் போதும். அதைத் தட்டுவதற்கு முன்னால் நான் அந்தத் திரையைப் பார்ப்பேன். மாஸ்டர் பட்டனை மறந்திருந்தால், நானும் அந்த மறதிக்குத் தக்கபடி ஏறியோ இறங்கியோ சுருதி கொடுத்துவிடுவேன். பாடுகிறவர் கொஞ்சம் கஷ்டப்படுவார், ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்போம். கேட்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எத்தனையோ வருஷம் இப்படித் தாங்கியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவரிடம் சொன்னதில்லை. விளைவு என்னவென்றால், தான் மறப்பதே இல்லை என்று மாஸ்டர் நம்பிவிட்டார்.

அப்போதுதான் சிங்கப்பூர் வந்தது. அங்கே தமிழர் விழாக்களுக்கு இங்கிருந்து குழு கூட்டிப்போகிற ஒருவர், ராயபுரத்தில் மாதா கோயில் திருவிழாக் கச்சேரியில் எங்களைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். நான் பாஸ்போர்ட் எடுத்தேன். கம்பெனியில் லீவுக்குச் சொல்லி வைத்தேன். தெரு முழுக்கச் சொன்னேன். கிட்டாரை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று தூக்கத்தில்கூடக் கணக்குப் போட்டேன்.

ஒத்திகைக்குப் போனபோது மாஸ்டர் எல்லோருடைய பாஸ்போர்ட் நகலையும் வாங்கி உறையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னுடையதை நீட்டினேன். வாங்கவில்லை. தோளில் கை போட்டு மொட்டை மாடி ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

"மாமு, பேஜார் ஆவாத. அங்க சின்ன குரூப்பா தான் கேக்கறாங்க. பேஸ நான் லெஃப்ட் ஹேண்ட்லயே வாசிச்சிப்பேன். கீபோர்டுலயே அந்த சவுண்டு கீது."

"அப்ப நான் வேணாமா மாஸ்டர்?"

"வேணான்னு யார் சொன்னது? திருவிழாவுக்கு நீ கண்டிப்பா வரணும். அந்தாளு கேக்கசொல்ல சவுண்டு ஃபுல்லா இருக்கணும்ல? செலக்ட் ஆயிட்டா அப்பால நான் பாத்துக்கறேன்." அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார், "அதுவும் இல்லாம, பேஸு யாருக்கு நைனா தனியா கேக்குது?"

இதைக் கவனியுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பேன். என்னை வைத்துத் தேர்வாகி, என்னை விட்டுவிட்டுப் போவாராம். அதற்கு நானே போய் வாசிக்க வேண்டுமாம். இவ்வளவு நெஞ்சழுத்தம் எங்கிருந்துதான் வருகிறதோ! கையில் இருந்த பாஸ்போர்ட் நகலை மடித்துப் பையில் வைத்தேன். "வரேன் மாஸ்டர்" என்றேன். என் குரல் அவ்வளவு சாதுவாக வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

கொடியேற்றத்துக்கு மறுநாள் கச்சேரி. தெருவை அடைத்து மேடை, வெளிச்சம் இன்னும் போகவில்லை. துறைமுகத்திலிருந்து வேலை முடிந்து வந்தவர்கள் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டே நின்றார்கள். முன் வரிசையில் சிங்கப்பூர்க்காரருக்குப் பொன்னாடை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மாஸ்டர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது பாட்டுக்கு ஆண் குரல்காரர் சுருதியை ஒரு படி ஏற்றச் சொன்னார். மாஸ்டர் பட்டனை அமுக்கினார். பாட்டு முடிந்தது, கைதட்டு. அடுத்தது எங்கள் பாடகி தனியாகப் பாட வேண்டிய பழைய சோகப் பாட்டு. வியாசர்பாடியில் இருந்து வருகிற பெண், அந்தப் பாட்டைப் பாடினால் பந்தல் போட வந்தவனும் வேலையை விட்டுவிட்டு நிற்பான். சிங்கப்பூர்க்காரரை விழ வைக்கவே மாஸ்டர் அதை வைத்திருந்தார். முதல் வரி அவள் குரலும் என் பேஸும் மட்டும், இரண்டாம் வரியில் கீபோர்டு வந்து சேரும்.

பழக்க தோஷம், திரையைப் பார்த்தேன். சைபர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்று இருந்தது. மாஸ்டர் பொன்னாடைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முழங்கையால் இடித்திருக்கலாம். வழக்கம்போல ஒரு படி ஏறிக் கொடுத்திருக்கலாம். எதையும் செய்யவில்லை. ஒத்திகையில் பேசிவைத்த சுருதி எதுவோ அதைச் சுத்தமாகத் தட்டினேன். நான் செய்த பாவம் அவ்வளவுதான், சரியாக வாசித்தேன்.

அவள் செருப்பில்லாத காலை என் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தாள். எப்போதும் அப்படித்தான், மைக் செட்டில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் மரப்பெட்டியின் அதிர்வு காலில் தெரியும் என்பாள். முதல் வரியைப் பாடினாள். தெரு அடங்கியது. இரண்டாம் வரியில் மாஸ்டர் இரண்டு கையாலும் அமுக்கினார்.

என்ன சொல்வது, தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். "இன்னாபா மைக்கு கூவுது!" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான். மைக் செட்டுக்காரர் பதறி எழுந்து ஒயரைப் பிடுங்கப் போனார். மாஸ்டர் நெருப்பைத் தொட்டவர்போலக் கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கித் தூக்கி, ஏறு, ஏறு என்றார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வாசித்தேன். அந்தப் பார்வையை நான் இன்றுவரை வைத்திருக்கிறேன். பதற்றத்தில் பட்டனை அமுக்கினார், அது இறங்குவதற்குப் பதில் இன்னும் ஏறியது. சத்தத்தைக் குறைத்து ஒரு கட்டையை மெல்லத் தொட்டுப் பார்த்தார், இன்னும் மோசம். கடைசியில் கையை மடக்கிக்கொண்டு நின்றுவிட்டார்.

அவள் அசையவில்லை. கால் பெட்டியின் மேலேயே இருந்தது. மீதிப் பாட்டு முழுக்க அவள் குரல், என் பேஸ், மெதுவாகத் தபலா. முடிந்ததும் விசில் பறந்தது.

பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள், "ண்ணா, உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்துக்கு என் பாட்டு தானா கெடச்சுது?"

"உன் சுருதிய நான் வுட்டேனாம்மா?"

"வுடல." முறைத்துவிட்டுப் போனாள்.

இடைவேளையில் சிங்கப்பூர்க்காரர் மேடைக்கே ஏறி வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். நினைத்ததும் உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. எனக்கில்லாத சிங்கப்பூர் எவனுக்கும் வேண்டாம் என்றுதான் வந்திருந்தேன். அவர் மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த சோகப் பாட்டுக்குக் கீபோர்டே வேணாம்னு யார் முடிவு பண்ணுனது? வெறும் பேஸை வச்சே பாட்டைத் தூக்கி நிறுத்திட்டீங்களே! மைக் மட்டும் நடுவுல கெடுத்திருச்சு."

மாஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பட்டனை மறந்ததைச் சொல்ல வேண்டும்.

"நான்தான் சார்" என்றார். "புதுசா ட்ரை பண்ணலாம்னு."

"அங்கேயும் இதே மாதிரிதான் வேணும். இதே பேஸ் கிட்டார், இதே பொண்ணு. இதை மாத்தக் கூடாது, ஆமா."

"மாத்தவே மாட்டோம் சார்" என்றார் மாஸ்டர். இந்த மனிதரின் வாயை என்னவென்று சொல்ல! என் பக்கம் திரும்பாமலே, "மாமு, பாஸ்போர்ட் ஜெராக்ஸ குடுத்துடு" என்றார்.

கொடுத்தேன். வேண்டாம் போய்யா என்று சொல்லியிருக்க வேண்டும், அதுதான் மானம் என்று என் மனைவிகூடச் சொன்னாள். மானம் கிடக்கட்டும். அதைவிட நல்லது ஒன்று எனக்காக அங்கே காத்திருந்தது.

சிங்கப்பூரில் நாங்கள் வாசித்த ஒவ்வொரு மேடையிலும் அந்தப் பாட்டு இருந்தது. ஒவ்வொரு முறையும் மாஸ்டரே மைக்கைப் பிடித்து, "இந்தப் பாட்டில் நான் கீபோர்டு வாசிக்கப்போவதில்லை, அதுதான் இதன் அழகு" என்று நல்ல தமிழில் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டு, அவ்வளவு பெரிய அரங்கில், அவ்வளவு விளக்குக்கு நடுவில், தன் சொந்தக் குழுவின் நடுவில், பாட்டு முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் மேடையிலேயே பாடகியிடம் கேட்டேன், கடைசிச் சரணத்தை இன்னொரு தரம் பாட முடியுமா என்று. பாடினாள். அவரும் நின்றார்.